1967 சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தல்: வாக்கும் இடமும் தொகுதி உடன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் கட்சி ஆட்சியை இழந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியமைத்தது. மொழிப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, திராவிட இயக்கத்தின் பரப்புரை ஆகியவற்றின் விளைவாக இம்மாற்றம் பொதுவாக விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் பிழையன்று; ஆயினும் முழுமையன்று. அத்தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு விழுக்காடு தி.மு.க. பெற்றதைவிடச் சற்றே அதிகம். இரு கட்சிகளும் வென்ற இடங்களோ முறையே 51, 137. இந்த இடைவெளியைத் தேர்தல் முறையையும் எதிர்க்கட்சிகள் செய்துகொண்ட தொகுதி உடன்பாட்டையும் கொண்டே விளக்க இயலும். 1952 முதல் 1967 வரையிலான நான்கு தேர்தல்களின் வாக்கு, இட விவரங்களை ஒப்பிட்டு அதனை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எளிய பெரும்பான்மை முறை, தொகுதி உடன்பாடு, 1967 தேர்தல், காங்கிரஸ், தி.மு.க., சுதந்திராக் கட்சி, இரட்டை உறுப்பினர் தொகுதி.

முன்னுரை

தமிழக அரசியல் வரலாற்றில் 1967 ஓர் எல்லைக்கோடு. விடுதலைக்குப் பின் தொடர்ந்து ஆண்ட கட்சி அவ்வாண்டு வீழ்ந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோல்வியுற்றார். மக்களவைக்குத் தென்சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அண்ணாதுரை 1967 மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

இந்நிகழ்ச்சிகள் மக்கள் மனம் முழுமையாகத் திரும்பிவிட்டதையே காட்டுவன போலத் தோன்றும். வாக்கு எண்ணிக்கை காட்டும் சித்திரம் வேறு. முந்தைய தேர்தலில் 46.14 விழுக்காடு வாக்குப் பெற்ற காங்கிரஸ் 1967இல் 41.10 விழுக்காடு பெற்றது. இழப்பு ஏறத்தாழ 5 புள்ளிகள். ஆனால் பேரவையில் அதன் பங்கு 67.5 விழுக்காட்டிலிருந்து 21.8 விழுக்காடாகச் சுருங்கியது. வாக்கில் ஒரு புள்ளி குறைந்ததற்கு இடங்களில் ஒன்பது புள்ளிகள் குறைந்தன எனலாம். ஐந்து புள்ளிச் சரிவு ஓர் ஆட்சியின் வீழ்ச்சியாக மாறியது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

1. தேர்தல் முறையின் தேர்வு

ஒரு தொகுதியில் போட்டியிடுவோருள் மற்ற எவரையும்விட ஒரு வாக்கேனும் அதிகம் பெற்றவர் வெற்றி பெறுவது எளிய பெரும்பான்மை முறை. பதிவான வாக்குகளில் பாதிக்குமேல் பெறவேண்டும் என்னும் கட்டாயம் இதில் இல்லை. விகிதாசார முறையிலோ ஒரு கட்சி பெற்ற வாக்கின் அளவிற்கு ஏற்ப இடங்கள் பகிர்ந்தளிக்கப்படும்.

இந்திய அரசியல் நிர்ணய சபை இரண்டையும் அறிந்தே முதலாவதைத் தேர்ந்தது. மக்களவைத் தேர்தலை விகிதாசார முறையில் நடத்தவேண்டும் என்று காஜி சையது கரீமுதீன் கொண்டுவந்த திருத்தம் 1949 ஜனவரியில் விவாதிக்கப்பட்டது. அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டில் அம்முறையை நடைமுறைப்படுத்துவது அரிது என்பதும், சட்டமன்றம் பல சிறு குழுக்களாகச் சிதறினால் நிலையான அரசு அமையாது என்பதும் அவர் கூறிய காரணங்களுள் முதன்மையானவை. குடியரசுத் தலைவர், மாநிலங்களவை போன்ற தேர்தல்களுக்கு மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை வைத்துக்கொள்ளப்பட்டது. மக்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தல்கள் அனைத்திற்கும் எளிய பெரும்பான்மை முறையே நிலைத்தது.

சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதத்தில் சென்னையைச் சேர்ந்த முகம்மது இஸ்மாயில் தனித் தொகுதி முறை தொடரவேண்டும் என வாதிட்டார். சபை அதனையும் ஏற்கவில்லை. பிற்காலத்தில் காயிதே மில்லத் எனப் போற்றப்பட்ட இவரது முஸ்லிம் லீக் 1967இல் தி.மு.க. அணியில் இடம்பெற்றது. சட்டத்தின் வழியாகப் பெற இயலாத இடத்தைத் தொகுதி உடன்பாட்டின் வழியாகப் பெறுவது என்னும் நடைமுறை, தேர்தல் முறை விதித்த நிலைமையிலிருந்தே உருவாயிற்று.

2. 1952: பெரும்பான்மை தராத முதல் தேர்தல்

முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது சென்னை மாநிலம் ஆந்திரப் பகுதிகளையும் மலபாரையும் தென்கன்னடத்தையும் உள்ளடக்கியிருந்தது. பேரவையின் 375 இடங்களுக்கு 309 தொகுதிகள் அமைந்தன. அவற்றுள் 243 ஒற்றை உறுப்பினர் தொகுதிகள். 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். இரட்டைத் தொகுதிகளில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒருவருக்கே அளிக்க இயலாது. ஒதுக்கப்பட்ட இடத்திற்கு உரியவர்களுள் அதிக வாக்குப் பெற்றவர் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவராக அறிவிக்கப்படுவார். பின்னர் எஞ்சிய அனைவருள்ளும் முதலில் நிற்பவருக்கு மற்ற இடம் கிடைக்கும்.

இத்தேர்தலில் காங்கிரஸ் 34.88 விழுக்காடு வாக்குடன் 152 இடங்களை வென்றது. மூன்றிலொரு பங்கினும் சற்றே மிகுந்த வாக்குக்கு ஐந்தில் இரண்டு பங்கு இடங்கள் கிட்டின. எனினும் பெரும்பான்மைக்கு அது போதவில்லை. ஆந்திரக் கடலோரம் போன்ற பகுதிகளில் செறிந்த ஆதரவு பெற்றிருந்த கம்யூனிஸ்ட் கட்சி 13.18 விழுக்காடு வாக்கில் 62 இடங்களைப் பெற்றது. தமிழ்ப் பகுதியின் வட மாவட்டங்களில் வன்னியர் ஆதரவைத் திரட்டிய இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. தி.மு.க. இத்தேர்தலில் போட்டியிடவில்லை, தன் கொள்கைக்கு இசைந்து உறுதியளித்த வேட்பாளர்களை ஆதரித்தது.

பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து ஆட்சியுரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, மேலவைக்கு நியமிக்கப்பட்ட இராஜாஜியை அமைச்சரவை அமைக்க அழைத்தார். மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். தேர்தல் முறை தராத பெரும்பான்மை தேர்தலுக்குப் பின் திரட்டப்பட்டது.

எளிய பெரும்பான்மை முறை பெரிய கட்சிக்கு மட்டுமே உதவுவதன்று என்பதை 1952 காட்டுகிறது. ஆதரவு ஒரு வட்டாரத்தில் செறிந்திருந்தால் சிறிய கட்சிக்கும் அது பயன்தரும். மாநிலம் முழுவதும் மெல்லியதாகப் பரவிய ஆதரவுக்கே அது பயன்தராது.

3. 1957, 1962: சிதறிய எதிர்ப்பு

மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப்பின் பேரவை 205 இடங்களாகச் சுருங்கியது. கம்யூனிஸ்டுகள் வலுப்பெற்றிருந்த ஆந்திரப் பகுதியும் மலபாரும் பிரிந்துபோயின. காமராசர் தலைமையில் 1957இல் தேர்தலைச் சந்தித்த காங்கிரஸ் 45.34 விழுக்காடு வாக்கில் 151 இடங்களை வென்றது. பாதிக்கும் குறைந்த வாக்குக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இடங்கள் கிடைத்தன. முதன்முறையாகக் களமிறங்கிய தி.மு.க.வின் சார்பில் அண்ணாதுரை உள்ளிட்ட 15 பேர் வென்றனர் எனக் கட்சி வரலாறு கூறுகிறது. அக்கட்சி அப்போது தேர்தல் ஆணையத்தின் ஏற்புப் பெற்றிருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஏற்பும் உதயசூரியன் சின்னமும் கிடைத்தன.

1962 தேர்தலுக்குமுன் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன. ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் 1957இல் பழங்குடி வேட்பாளர் ஒருவர் பொது இடத்தையும் வென்றதும், அதனை எதிர்த்து வி.வி.கிரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் அவ்வெற்றியை உறுதிசெய்ததும் இம்முறையின் மீதான விவாதத்தை முன்னிறுத்தின. நீக்கத்திற்குப்பின் ஒவ்வொரு தொகுதியும் ஒரே உறுப்பினருக்கு உரியதாயிற்று. இரு வாக்குகளைப் பகிர்ந்தளிக்கும் வாய்ப்பு மறைந்தது. இரண்டாவது, இராஜாஜி காங்கிரஸிலிருந்து விலகி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்தார். இதனால் காங்கிரஸ் எதிர்ப்பு வாக்குக்கு மேலும் ஓர் உரிமையாளர் தோன்றினார்.

1962இல் 206 இடங்களுக்குத் தி.மு.க. 143 வேட்பாளர்களையும், சுதந்திராக் கட்சி 94 வேட்பாளர்களையும், கம்யூனிஸ்ட் கட்சி 68 வேட்பாளர்களையும் நிறுத்தின. மொத்தம் 305 பேர். தி.மு.க., சுதந்திரா ஆகிய இரு கட்சிகளின் கூட்டுத்தொகையே 237 ஆவதால், குறைந்தது 31 தொகுதிகளிலேனும் இவ்விரு கட்சிகளும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றிருக்க வேண்டும்.

விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. 27.10 விழுக்காடு வாக்குப் பெற்ற தி.மு.க.வுக்கு 50 இடங்கள் கிடைத்தன. சுதந்திராக் கட்சி 7.82 விழுக்காடு பெற்று 6 இடங்களையும், கம்யூனிஸ்ட் கட்சி 7.72 விழுக்காடு பெற்று 2 இடங்களையும் மட்டுமே அடைந்தன. காங்கிரஸ் 139 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது. அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்றார். வாக்களித்தோருள் பாதிக்குமேற்பட்டோர் காங்கிரஸுக்கு எதிராகவே வாக்களித்திருந்தனர். ஆனால் அவ்வாக்குகள் பல பெட்டகங்களில் பிரிந்து கிடந்தன.

4. உடன்பாடு உருவான வழி

1962 முடிவிலிருந்து எதிர்க்கட்சிகள் கற்றது இதுதான்: அதிக இடங்களில் போட்டியிடுவது அதிக இடங்களில் வெல்வதற்கு வழியன்று. எனினும் அப்பாடத்தைச் செயற்படுத்த இரு தடைகள் நீங்கவேண்டியிருந்தது.

ஒன்று, தி.மு.க.வின் திராவிட நாட்டுக் கோரிக்கை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி அளித்தே வேட்பாளர் போட்டியிட இயலும் என்னும் நிலையை 1963ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் உருவாக்கியது. அவ்வாண்டே தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. தேர்தலில் தொடர்ந்து பங்கேற்பதற்காக எடுக்கப்பட்ட அம்முடிவு, அனைத்திந்தியக் கட்சிகள் அதனோடு உடன்பாடு காண்பதையும் எளிதாக்கியது.

மற்றது, எதிர்க்கட்சிகளுக்கு இடையிலான கொள்கைப் பகை. தனியார் தொழிலுரிமையை வலியுறுத்திய சுதந்திராக் கட்சியும் 1964இல் உருவான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரே கொள்கை அறிக்கையில் கையொப்பமிட இயலாதவை. தொகுதி உடன்பாடு அத்தகைய ஒப்புதலைக் கோரவில்லை. ஒரு தொகுதியில் ஒருவர் மட்டும் நிற்க, மற்றவர்கள் விலகினால் போதும். எளிய பெரும்பான்மை முறை கேட்பது கொள்கை ஒற்றுமையை அன்று, வேட்பாளர் ஒருமையை. இருவேறு துருவங்களிலிருந்த கட்சிகளுக்கும் தி.மு.க. நடுவிணைப்பாக நின்றது.

சுதந்திரா, மார்க்சிஸ்ட், பிரஜா சோசலிஸ்ட், சம்யுக்த சோசலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகியவை இவ்வணியில் இடம்பெற்றன. ம.பொ.சிவஞானமும் சி.பா.ஆதித்தனாரும் உதயசூரியன் சின்னத்திலேயே போட்டியிட்டு வென்றனர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அணிக்கு வெளியே நின்றது. பெரியார் காங்கிரஸை ஆதரித்தார்.

5. 1967 முடிவுகள்

தொகுதி மறுவரையறைக்குப்பின் பேரவை 234 இடங்களாக விரிந்தது. 1967 பிப்ரவரியில் நடந்த வாக்குப்பதிவில் 76.57 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1962இல் இது 70.65 ஆக இருந்தது. முதன்மைக் கட்சிகளின் நிலை வருமாறு:

கட்சி | போட்டியிட்ட இடம் | வென்ற இடம் | வாக்கு விழுக்காடு
காங்கிரஸ் | 232 | 51 | 41.10
தி.மு.க. | 174 | 137 | 40.69
சுதந்திரா | 27 | 20 | 5.30
மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் | 22 | 11 | 4.07
இந்தியக் கம்யூனிஸ்ட் | 32 | 2 | 1.80
பிரஜா சோசலிஸ்ட் | 4 | 4 | 0.88
சம்யுக்த சோசலிஸ்ட் | 3 | 2 | 0.54

முஸ்லிம் லீக் 3 இடங்களை வென்றது. அணியிலிருந்த ஐந்து கட்சிகள் போட்டியிட்ட இடங்களின் கூட்டுத்தொகை 230. லீக் வென்ற மூன்றையும் சேர்த்தால் 233. பேரவையின் மொத்த இடங்களோ 234. 1962இல் 206 இடங்களுக்கு மூன்று எதிர்க்கட்சிகள் 305 வேட்பாளர்களை நிறுத்தியதோடு இதனை ஒப்பிட்டால், ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் புலப்படும். காங்கிரஸ் வேட்பாளர் பெரும்பாலான தொகுதிகளில் ஒரே ஒரு வலுவான எதிரியைச் சந்தித்தார்.

6. எண்கள் உணர்த்துவன

முதலாவதாக, காங்கிரஸ் தி.மு.க.வைவிட அதிக வாக்குப் பெற்றும் தோற்றது என்னும் கூற்று எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. காங்கிரஸின் வாக்கு 232 தொகுதிகளில் திரட்டப்பட்டது, தி.மு.க.வின் வாக்கு 174 தொகுதிகளில் மட்டும் திரட்டப்பட்டது. தொகுதிகளின் வாக்கு எண்ணிக்கை ஏறத்தாழச் சமம் எனக் கொண்டால், போட்டியிட்ட தொகுதிகளில் தி.மு.க.வின் சராசரிப் பங்கு சுமார் 55 விழுக்காடு ஆகும். காங்கிரஸின் பங்கு 41 விழுக்காட்டளவிலேயே நிற்கும். அணியின் ஐந்து கட்சிகளும் மாநில அளவில் பெற்ற மொத்த வாக்கு 51.48 விழுக்காடு. ஆகவே 1967இல் பெரும்பான்மை வாக்கே பெரும்பான்மை இடங்களைப் பெற்றது. சிறுபான்மை வாக்கைப் பெரும்பான்மை இடங்களாக்கிய தேர்தல்கள் என்றால் 1957, 1962 ஆகியவற்றையே சுட்டவேண்டும்.

இரண்டாவதாக, வெற்றியின் அளவு வாக்கின் அளவைப் பெரிதும் விஞ்சியது. 51.48 விழுக்காடு வாக்குக்கு அக்கட்சிகள் 174 இடங்களை, அதாவது 74.4 விழுக்காட்டை, பெற்றன. இரு அணிகளின் இட விகிதம் அவற்றின் வாக்கு விகிதத்தின் முப்படியை ஒத்திருக்கும் என்னும் கணிப்பைப் பிரித்தானியப் புள்ளியியலாளர்களான கெண்டலும் ஸ்டூவர்ட்டும் 1950இல் ஆராய்ந்தனர். 51.48க்கும் 41.10க்கும் உள்ள விகிதம் 1.25, அதன் முப்படி ஏறத்தாழ 2. உண்மையில் 174க்கும் 51க்கும் உள்ள விகிதம் 3.4. காங்கிரஸின் ஆதரவு மாநிலம் முழுதும் ஓரளவு சமமாகப் பரவியிருந்ததை இதற்கு முதற்காரணமாகக் கொள்ளலாம். எதிரிகள் பிரிந்து நின்றபோது அச்சமநிலை எங்கும் வெற்றி தந்தது. எதிரிகள் ஒன்றுகூடியபோது அதே சமநிலை எங்கும் தோல்வி தந்தது. பதினைந்தாண்டுகள் காங்கிரஸைக் காத்த விதியும் அதனை வீழ்த்திய விதியும் ஒன்றே.

மூன்றாவதாக, சுதந்திராக் கட்சியின் நிலை தனியே நோக்கத்தக்கது. 1962இலிருந்து 1967க்குள் அதன் வாக்கு 7.82 விழுக்காட்டிலிருந்து 5.30 ஆகக் குறைந்தது. இடங்களோ 6இலிருந்து 20 ஆக உயர்ந்தன. போட்டியிட்ட தொகுதிகளை 94இலிருந்து 27 ஆகக் குறைத்துக்கொண்டதன் பயன் இது. மேற்கூறிய சமநிலைக் கணக்கின்படி, போட்டியிட்ட தொகுதிகளில் அதன் சராசரிப் பங்கு 17 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வுயர்வு இராஜாஜியின் கட்சிக்குப் புதிய ஆதரவாளர் பெருகியதால் நேர்ந்தது எனக் கொள்வதற்கில்லை. அத்தொகுதிகளில் வேட்பாளரை நிறுத்தாத தி.மு.க.வின் வாக்காளர்கள் தோழமைக் கட்சியின் சின்னத்துக்கு வாக்களித்திருக்க வேண்டும். தலைவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டை வாக்காளர்கள் நிறைவேற்றினர். அவர்கள் மறுத்திருந்தால் உடன்பாடு தாளில் எழுதிய கணக்காகவே நின்றிருக்கும்.

நான்காவதாக, தி.மு.க.வின் வாக்கு 13.59 புள்ளிகள் உயர்ந்தது. காங்கிரஸின் இழப்பு அதில் 5.04 புள்ளிகளை மட்டுமே ஈடுசெய்யும். சுதந்திராக் கட்சி இழந்தது 2.52. 1962இன் கம்யூனிஸ்ட் வாக்கோடு ஒப்பிட, பிளவுபட்ட இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து இழந்தது 1.85. சுயேச்சைகளும் ஏனைய சிறு கட்சிகளும் இழந்தவை 4.18. இவை நிகர மாற்றங்களே. தனி வாக்காளர் எங்கிருந்து எங்குச் சென்றார் என்பதை இவை காட்டமாட்டா. வாக்களித்தோர் தொகையும் உயர்ந்திருந்தது. எனினும் தி.மு.க.வின் உயர்வில் பெரும்பகுதி, காங்கிரஸிடமிருந்து நேராகப் பெறப்பட்டதைவிட, முன்பே சிதறிக்கிடந்த வாக்குகளின் ஒருமுகப்பாட்டோடு பொருந்துகிறது.

இதனால் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டமோ அரிசித் தட்டுப்பாடோ பொருளற்றவை ஆகா. 1962இல் தி.மு.க., சுதந்திரா, கம்யூனிஸ்ட் ஆகிய மூன்றின் மொத்த வாக்கு 42.64 விழுக்காடு, காங்கிரஸின் 46.14ஐவிடக் குறைவு. வெறும் கூட்டலால் மட்டும் அன்று ஆட்சி மாறியிராது. காங்கிரஸின் வாக்கு குறையவும் வேண்டியிருந்தது; எதிர் வாக்கு கூடவும் வேண்டியிருந்தது. போராட்டமும் பஞ்சமும் முதலாவதைச் செய்தன. இரண்டாவதை உடன்பாடு செய்தது. இரண்டையும் பன்மடங்காக்கியது தேர்தல் முறை.

அதே நாள்களில் நடந்த மக்களவைத் தேர்தலும் இதனை உறுதிப்படுத்துகிறது. சென்னை மாநிலத்தின் 39 இடங்களில் தி.மு.க. போட்டியிட்ட 25 இடங்களையும் வென்றது. சுதந்திராக் கட்சி 6 இடங்களையும் மார்க்சிஸ்ட் கட்சி 4 இடங்களையும் பெற்றன. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 3.

7. பின்வந்த தேர்தல்களில் 1967இன் தடம்

1971இல் தி.மு.க. 48.58 விழுக்காடு வாக்கில் 184 இடங்களை வென்றது. காமராசர் தலைமையிலான நிறுவனக் காங்கிரஸ் 34.99 விழுக்காடு பெற்றும் 15 இடங்களோடு நின்றது. மூன்றிலொரு பங்கு வாக்காளர்களுக்குப் பேரவையில் பதினைந்தில் ஒரு பங்கு குரலே கிடைத்தது. இந்திரா காந்தியின் காங்கிரஸ் சட்டமன்றத்துக்கு ஓரிடத்திலும் போட்டியிடாமல் தி.மு.க.வை ஆதரித்தது, விலகி நிற்பதும் ஓர் உத்தியாகும் என்பது அதனால் விளங்கியது.

1989இல் அ.இ.அ.தி.மு.க. இரண்டாகப் பிளவுபட்டுத் தனித்தனியே நின்றது. காங்கிரஸும் தனியே நின்றது. நான்குமுனைப் போட்டியில் 33.18 விழுக்காடு வாக்குப் பெற்ற தி.மு.க. 150 இடங்களை வென்றது. இரண்டாண்டுகளுக்குப்பின் எதிரணி ஒன்றுபட்டபோது 22.46 விழுக்காடு பெற்ற அதே கட்சி 2 இடங்களை மட்டுமே பெற்றது. 1996இல் 21.47 விழுக்காடு பெற்ற அ.இ.அ.தி.மு.க.வுக்கு 4 இடங்களே கிடைத்தன. 2006இல் 32.64 விழுக்காடு வாக்குப் பெற்ற அ.இ.அ.தி.மு.க. 61 இடங்களையும், 26.46 விழுக்காடு பெற்ற தி.மு.க. 96 இடங்களையும் அடைந்தன. தோழமைக் கட்சிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளை விட்டுக்கொடுத்ததால் தி.மு.க.வின் விழுக்காடு குறைந்தது. 1967 முடிவைப் படிக்கும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

சிறு கட்சிகளுக்கு இம்முறை விதிக்கும் நிபந்தனையும் மாறவில்லை. 5.30 விழுக்காடு வாக்கில் சுதந்திராக் கட்சி 1967இல் 20 இடங்களை வென்றது. 2016இல் தனித்து நின்ற பாட்டாளி மக்கள் கட்சி ஏறத்தாழ அதே அளவு வாக்குப் பெற்று ஓரிடமும் பெறவில்லை. 2021இல் 234 தொகுதிகளிலும் போட்டியிட்ட நாம் தமிழர் கட்சி 6.5 விழுக்காட்டுக்கு மேல் பெற்றும் பேரவைக்குள் நுழையவில்லை. கூட்டணியில் சேர்ந்தால் இடமுண்டு, தனிக்கொள்கை மங்கும். தனித்து நின்றால் கொள்கை நிலைக்கும், இடமில்லை. தமிழகத்தின் சிறு கட்சிகள் ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்கொள்ளும் இத்தெரிவு 1967இல் உருவான அரசியலின் தொடர்ச்சியே.

முடிவுரை

1967ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றம் மூன்று காரணிகளின் சேர்க்கை. மக்களின் அதிருப்தி காங்கிரஸின் வாக்கைக் குறைத்தது. தொகுதி உடன்பாடு எதிர் வாக்கை ஒருமுகப்படுத்தியது. எளிய பெரும்பான்மை முறை அவ்விரண்டின் விளைவையும் பெருக்கியது. இவற்றுள் மூன்றாவது காரணி பெரும்பாலும் கருத்தில் கொள்ளப்படுவதில்லை. அதனால் காங்கிரஸை மக்கள் அடியோடு கைவிட்டனர் என்னும் பிழையான எண்ணமும், காங்கிரஸே உண்மையில் வென்றது என்னும் அதற்கு மாறான பிழையும் ஒருங்கே வழங்கிவருகின்றன. பத்தில் நான்கு வாக்காளர்கள் அன்றும் காங்கிரஸோடு இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு எதிரான அணியோடு இருந்தனர். இரண்டும் உண்மை.

அம்பேத்கர் வேண்டிய நிலையான அரசை இம்முறை தமிழகத்துக்குப் பெரும்பாலும் அளித்துள்ளது. ஆட்சி அமைதியாகக் கைமாறுவதற்கும் அது துணைநின்றது. அதற்கு ஈடாகத் தோற்ற தரப்பின் வாக்காளர்கள் தம் எண்ணிக்கைக்கு ஏற்ற குரலைப் பேரவையில் இழந்தனர். 1957இலும் 1962இலும் அவ்விழப்பு தி.மு.க.வுக்கும் பிற எதிர்க்கட்சிகளுக்கும் நேர்ந்தது. 1967இலும் 1971இலும் காங்கிரஸுக்கு நேர்ந்தது. பின்னர் இரு திராவிடக் கட்சிகளும் அதனை மாறிமாறி அடைந்தன. ஆகவே இம்முறை எந்தவொரு கட்சிக்கும் நிலையாகச் சார்பானதன்று. ஒன்றுபட்டு நிற்பவர்க்குச் சார்பாகவும் பிரிந்து நிற்பவர்க்கு எதிராகவும் அது இயங்குகிறது. அதனை முதலில் முழுமையாக உணர்ந்து செயற்பட்ட தேர்தல் என்னும் வகையிலும் 1967 வரலாற்றில் இடம்பெறத் தக்கது.